‘அறுபதுக்கு மேலே போகாதே’ என்பது மட்டும் புதுக் காருக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்க நெருங்க பேராக் மாநிலத்தின் தாப்பா, பீடோர், சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் புதுக் கார்கள் வந்து இறங்குகின்றன. மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு மறுநாளே வேலைக்கு எடுத்துப் போகிறார்கள். ஒன்பது வருடக் கடனில் வாங்கிய கார் அது. முதல் 1,000 கிலோமீட்டரை எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “அறுபதுக்கு மேலே போகாமல் பார்த்து ஓட்டணும்.” இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியால் நல்ல எஞ்சின்கள் சில ஆண்டுகளிலேயே எண்ணெய் குடிக்கத் தொடங்குகின்றன. அதனால்தான் பட்டறையில் வேலை செய்யும் நாங்கள் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

புது எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் தொழிற்சாலையிலேயே அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டு அனுப்புகிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் பாய்ப் பின்னல்போலத் தெரியும். அம்மியைக் கொத்துவதும் இதே மாதிரிதான். கொத்தாத அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். கொத்திய பள்ளத்தில்தான் பொருள் நின்று அரைபடும். சிலிண்டர் கீறல்களில் எண்ணெய் தங்கி நிற்கிறது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் (வளையங்கள்) அந்தக் கீறல்களின் முனைகளை மெல்லத் தேய்த்து, தாங்களும் தேய்ந்து, சுவரோடு இடைவெளி இல்லாமல் பொருந்திக்கொள்ள வேண்டும். இந்தப் பொருத்தம் பெரும்பாலும் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். முனைகள் மழுங்கிய பிறகு எவ்வளவு ஓட்டினாலும் அந்த வாய்ப்புத் திரும்ப வராது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது ரிங்கின் விறைப்பு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் மேல் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது; முக்கியமான வேலையைச் செய்வது இந்த அழுத்தம்தான். எக்சலேட்டரை ஓரளவாவது மிதித்தால்தான் அது கிடைக்கும். 1,000 கிலோமீட்டரும் கால் படாமல் ஐம்பதிலேயே உருட்டிக்கொண்டு போனால் ரிங் சுவரை லேசாகத் தடவிக்கொண்டுதான் இருக்கும். எண்ணெய் மேலே ஏறி, வெந்து, அரக்குப் பூச்சுபோல அந்தக் கீறல்களை அடைத்துவிடும். அதற்குப் பிறகு ரிங் பொருந்தாது. எஞ்சினை இறக்கி, சிலிண்டரை மறுபடி கீறி, புது ரிங் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. பூ மாதிரி ஓட்டியும் எண்ணெய் குடிக்கிறதே என்று வருத்தப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்காக வாங்கிய அன்றே காலைத் தரையோடு அழுத்தலாம் என்று அர்த்தமில்லை. பொருந்தாத ரிங்கும், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கும் அதிக வேகத்தில் உராய்ந்தால் சூடேறிச் சிராய்ப்பு விழும். நிற்க வைத்து ‘உறுமவிட்டு’ப் பார்க்கும் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுமையே இல்லாமல் எஞ்சினை 5,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 5,000 சுற்று) ஏற்றுவதால் ரிங்குக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது, தேய்மானம்தான் மிஞ்சும்.

சரியான முறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: நடுத்தரச் சுமை, மாறி மாறி வேகம், இடையிடையே கால் எடுப்பது. ஆக்சியா, பெஸ்ஸா, மைவி, சாகா போன்ற 1.0 முதல் 1.5 லிட்டர் வரையிலான டர்போ இல்லாத கார்களுக்கு இதைக் கணக்காகச் சொல்லலாம். முதல் 500 கிலோமீட்டர் வரை ஆர்பிஎம் முள் பெரும்பாலும் 1,500க்கும் 3,500க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கட்டும். எக்சலேட்டர் பாதிக்கு மேல் போக வேண்டாம். அடுத்த 500 கிலோமீட்டரில் அவ்வப்போது சில விநாடிகள் 4,500 வரை போகலாம். முள் இல்லாத காரில் காதால்தான் கணிக்க வேண்டும்: எஞ்சின் அலறவும் கூடாது, முனகவும் கூடாது. முனகல் கைக் கியர் காரில் வரும் கோளாறு. நாற்பதிலேயே ஐந்தாம் கியரைப் போட்டு மேடு ஏறுவார்கள். கார் நடுங்கிக்கொண்டே ஏறும். அது 4,000 ஆர்பிஎம்மில் ஓட்டுவதைவிட மோசம், பேரிங்குக்குக் கேடு. ஒரு கியரோ இரண்டு கியரோ குறைத்துவிடுங்கள்.

இதற்குப் பழைய கூட்டரசுச் சாலையைவிட நல்ல இடம் இல்லை. தாப்பாவில் புறப்பட்டு பீடோர், சுங்காய் வழியாக சிலிம் ரிவர் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வரும். சாலை விளக்கு, பள்ளிக்கூடப் பகுதி, செம்பனைக் குலை ஏற்றிய லாரி, சிறு மேடு, நேர்ச்சாலை எல்லாம் வழியிலேயே இருப்பதால் வேகம் தானாக மாறும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, நாற்பதிலிருந்து எண்பது வரை நிதானமாக, ஆனால் தயங்காமல் ஏறுங்கள். பிறகு காலை முழுதாக எடுத்துவிட்டு, பிரேக் தொடாமல் ஐம்பதுக்கு இறங்க விடுங்கள். ஏறும்போது ரிங் அழுந்துகிறது. கால் எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடி எண்ணெய் மேலே இழுபட, தேய்ந்த துகள் கழுவப்படுகிறது. ஒரு பயணத்தில் பத்துத் தடவை இப்படிச் செய்தால் போதும். இப்படி நான்கைந்து பயணம் ஓடிய கார், மாதக்கணக்கில் ஊர்ந்த காரைவிட நன்றாகப் பழகியிருக்கும்.

இன்றைய எஞ்சின்களுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 30 ஆண்டுகளுக்கு முந்தைய எஞ்சினைவிட இன்றைய சிலிண்டர் மிக நேர்த்தியாகக் கடையப்பட்டு வருகிறது. ரிங்கின் விறைப்பும் குறைவு, எண்ணெயும் மெல்லியது. தேவை குறைந்திருக்கிறதே தவிர மறையவில்லை. டொயோட்டாவின் கையேடுகளைப் பாருங்கள்: முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாம், 800 வரை எதையும் இழுத்துச் செல்ல வேண்டாம், 1,000 வரை மிகை வேகமும் திடீர் முடுக்கமும் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் படிப்பதில்லை. உங்கள் காரின் கையேடு நாங்கள் சொல்வதிலிருந்து வேறுபட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள். அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் நம் பெரியவர்கள் உறையைக்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டில் வைத்துவிடுகிறார்கள். சாவியைக் கொடுக்கும் விற்பனையாளர்கள் ரேடியோவையும் ரிவர்ஸ் கேமராவையும் காட்டும் நேரத்தில் இந்த ஒரு பக்கத்தையும் தமிழில் சொல்லிக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். வாங்குகிறவர்களும் கேட்க வேண்டும்.

தோட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தோட்ட வீட்டு வரிசையான லயத்திலிருந்து பட்டணத்துக்கு நான்கு கிலோமீட்டர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்ப நான்கு. நாளெல்லாம் இப்படிக் குட்டிக் குட்டி ஓட்டம்தான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். எரியாத பெட்ரோல் சுவர் வழியாக இறங்கி எண்ணெயில் கலக்கும். எரிதலில் உண்டாகும் நீரும் அதிலேயே தங்கிவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் தேங்காய்ப்பால் நிறத்தில் பசை ஒட்டியிருப்பது இதனால்தான். எஞ்சினுக்குள் குளிர்நீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். குளிர்நீர் குறையாமல் இருந்தால் அது பெரும்பாலும் குட்டி ஓட்டத்தின் அடையாளமே. புது எஞ்சினைப் பழக்கும் இந்த முதல் 1,000 கிலோமீட்டர் காலத்தில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். நீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போகும்.

காலையில் ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவதும் நல்லதல்ல. குளிர்நாட்டில் பனிக்கு நடுவே செய்வதைப் பார்த்துப் பழகிய வழக்கம். இங்கே விடியற்காலையிலும் அத்தனை குளிர் இல்லை. அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாகப் புறப்படலாம். சில கார்களில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல நிற விளக்கு எரியும். அது அணையும் வரை 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். பூஜை நடக்கும்போது, கூட்டாளிகள் வந்து பார்க்கும்போது, ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும்போது எஞ்சினை வெறுமே ஓடவிடாதீர்கள். புது ரிங்குக்கு அது கொஞ்சமும் நல்லதல்ல.

கேமரன் மலை நமக்குப் பக்கம் என்பதால் புதுக் கார் வந்த வாரமே குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை. ஐந்து பேர், சாமான், ஏர்கண்டிஷன், 1.0 லிட்டர் எஞ்சின் என்றால் கால் தரையிலேயே இருக்கும். சிவிடி எனும் தானியங்கி கியர்பெட்டி ஆர்பிஎம்மை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 1,000 கிலோமீட்டர் முடிந்த பிறகு போவதே நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் ஆட்களைக் குறையுங்கள், லாத்தா இஸ்கண்டார் அருவி வந்ததும் கால் மணி நேரம் நிறுத்துங்கள். இறங்கும்போதுதான் இன்னும் பெரிய ஆபத்து. புது பிரேக் பேடும் தட்டும் இன்னும் ஒன்றோடொன்று பழகியிருக்காது. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும், கருகிய வாடை வரும். ‘டி’யில் விட்டு உருளாமல் எஸ், பி, 2, எல் என்று உங்கள் காரில் இருக்கும் கீழ்க் கியரைப் போட்டு எஞ்சினே இழுத்துப் பிடிக்கும்படி இறங்குங்கள்.

பிரேக்கை முன்கூட்டியே பழக்க ஒரு வழி உண்டு. காலியான நேர்ச்சாலையில் 60லிருந்து 20 வரை நிதானமாக அழுத்திக் குறைத்து, முழுவதும் நிற்காமல் மறுபடி வேகம் எடுங்கள். அரை நிமிட இடைவெளி விட்டு எட்டு பத்துத் தடவை செய்துவிட்டு, கடைசியில் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேட் தட்டில் அச்சாகப் பதிந்து பின்னாளில் ஸ்டீயரிங் நடுங்கும். புது டயரின் மேல்தோலும் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை வழுக்கும், மழையில் கவனம். ஸ்டோரில் நின்ற காருக்குச் சில சமயம் காற்றை அதிகமாக அடித்து வைத்திருப்பார்கள். ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகக் கூடாதா? போகலாம். கெடுதல் செய்வது வேகத்தைவிட மாறாத வேகம். 110ஐப் பிடித்து ஜோகூர் பாரு வரை போவது எஞ்சினை ஒரே தாளத்தில் வைத்திருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 80, 100, 90 என்று மாற்றுங்கள். குரூஸ் கண்ட்ரோலை 1,000 கிலோமீட்டர் வரை தொடாதீர்கள். எக்ஸ்50 போன்ற டர்போ காராக இருந்தால் வேகமாக ஓடி வந்து ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நுழைந்ததும் அணைத்துவிடாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். டர்போவின் அச்சில் நிற்கும் எண்ணெய் வெந்துபோகாது. விலை கூடிய ரோன்97 பெட்ரோல் போட்டால் எஞ்சின் சீக்கிரம் பழகும் என்பது வெறும் பேச்சு. கையேடு ரோன்95 என்றால் அதுவே போதும்.

இனி எண்ணெய். நம்மூர்ப் பேச்சில் கறுப்பு எண்ணெய். புது எஞ்சின் கொஞ்சம் எண்ணெய் எரிப்பது வழக்கம். ஆனால் எவ்வளவு என்று பார்க்காமல் விடுவதுதான் தப்பு. காரை எடுத்த அன்றும், பிறகு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி எடுங்கள். லயத்து முற்றம் பெரும்பாலும் சரிவாக இருக்கும். அங்கே பார்த்தால் கணக்குத் தப்பும். கம்பியையும் கிலோமீட்டர் எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்தால் பின்னாளில் வாரண்டி பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும். 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் என்பதை டொயோட்டா கையேடுகள் உச்ச வரம்பாகக் குறிக்கின்றன. 3 லிட்டர் அளவே பிடிக்கும் சின்ன எஞ்சினில் 1 லிட்டர் என்பது மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவு குறையும் வரை காத்திருக்காதீர்கள். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் கூடாது: கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரை பேரிங்கைக் காக்காது.

இங்கு விற்கும் பெரோடுவா, புரோட்டோன் கார்களுக்கு முதல் சர்வீஸ் 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், எது முந்துகிறதோ அது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். புது அம்மி வாங்கினால் முதலில் உமியும் உப்பும் போட்டு அரைத்து, கல்தூளோடு வழித்துக் கொட்டுவார்கள் அல்லவா? முதல் எண்ணெய் அப்படிக் கொட்ட வேண்டியது. முடிந்தால் கூடவே நின்று பாருங்கள். வடியும் எண்ணெயில் இரண்டு சொட்டை விரலில் எடுத்து வெயிலில் பிடித்தால் மீன்செதில் பொடிபோல வெள்ளி மினுக்கம் தெரியும். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தால் கைக்குத் தட்டுப்படாது. அது ரிங்கும் சுவரும் பொருந்திய தேய்மானம், பயமில்லை. நகத்தில் இடறும் அளவுக்குச் சில்லு இருந்தாலோ, செம்பு நிறத்தில் மினுங்கினாலோ அங்கேயே மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டி, சர்வீஸ் தாளில் எழுத வையுங்கள். செம்பு நிறம் பேரிங் தேய்வதைக் காட்டலாம்.

எண்ணெயோடு ஃபில்டரும் மாற வேண்டும். வடிகுழாய்த் திருகாணியின் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். சில காசு விலைதான், பழையதையே போட்டால் கசியும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, கையால் திருகி, ஒட்டியதும் முக்கால் சுற்று. பழைய ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் மேலே புதியதைப் போட்டால் இரண்டு ரப்பருக்கும் நடுவில் எண்ணெய் பீய்ச்சி அடித்துவிடும். எண்ணெயின் தடிமன் கையேட்டில் உள்ளதாகவே இருக்கட்டும். 0டபிள்யூ-20 என்றிருக்கும் எஞ்சினுக்குத் ‘தடித்த எண்ணெய்தான் பாதுகாப்பு’ என்று 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். உராய்வைக் குறைக்கும் கூடுதல் திரவங்கள் எதுவும் இப்போது வேண்டாம். ரிங் பொருந்துவதற்கே கொஞ்சம் உராய்வு தேவைப்படும்போது அதைத் துடைத்தெறிவது எதற்கு?

செம்மண் சாலையில் தினமும் போகிறவர்கள் ஏர் ஃபில்டரை 5,000 கிலோமீட்டரிலேயே கழற்றிப் பாருங்கள். செம்மண் தூள் உள்ளே போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். குலை லாரிக்குப் பின்னால் புழுதியில் ஒட்டிக்கொண்டு போவதைத் தவிர்க்கலாம்.

2,000, 3,000 கிலோமீட்டர் ஆன பிறகும் நீண்ட இறக்கத்தில் கால் எடுத்து வந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக எண்ணெய் ஏறுகிறது என்று பொருள். காலையில் வரும் வெள்ளை ஆவி வேறு, சற்று நேரத்தில் மறைந்துவிடும். நீலப்புகை வந்தால் எண்ணெய் ஊற்றி ஊற்றிச் சமாளிக்காமல் வாரண்டிக் காலத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். புரோட்டோனும் பெரோடுவாவும் பல கார்களுக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. சர்வீஸ் பதிவு முழுமையாக இருந்தால்தான் அது கைகொடுக்கும்.

கடைசியாக, எஞ்சினை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி ஓவர்ஹால் செய்தவர்களுக்கு. எஞ்சினைப் பழக்கும் பழைய காலத்துக் கட்டுப்பாடுகள் முழுமையாகப் பொருந்துவது இங்கேதான், ஏனென்றால் பட்டறையில் கீறிய சுவர் தொழிற்சாலையில் கீறியதைவிடக் கரடாக இருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெய் விளக்கு அணையும் வரை பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் மெதுவாக ஓடவிடாமல் 1,500க்கும் 2,000க்கும் நடுவில் ஏற்றி இறக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் வெப்பத்தையும் கசிவையும் கவனியுங்கள். அணைத்து ஆறியதும் குளிர்நீரையும் எண்ணெயையும் நிரப்பி அன்றே சாலையில் ஏற்றுங்கள். மூன்றாம் கியரில் 40லிருந்து 70, கால் எடுத்து மறுபடி 40, பத்துத் தடவை. சாதாரண மினரல் எண்ணெயே போதும். அதை ஃபில்டரோடு முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை, 500ல் ஒருமுறை மாற்றுங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்குவதா இல்லையா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஒருமுறை மட்டும் இழுத்து இறுக்கும் வகைப் போல்ட்டாக இருந்தால் தொடவே கூடாது. தோட்டத்து லாரியாக இருந்தால் முதல் 1,000 கிலோமீட்டருக்குப் பாதிப் பாரம்தான் ஏற்ற வேண்டும்; வெற்று லாரியாகவும் ஓட்டக் கூடாது. 1,500 கிலோமீட்டர் ஆனபின் வழக்கமான எண்ணெய்க்கும் முழுப் பாரத்துக்கும் மாறலாம்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
தாப்பா, பேராக்.